தூசியால் வந்த நோய்க்கு இழப்பீடு: கோட்டை விடும் இடங்கள்

கல் கிரஷரில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். மூச்சு வாங்குகிறது என்று போனபோதெல்லாம் டிபி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்று தடவை முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். ஒரு தடவைகூடச் சளியில் கிருமி காணவில்லை. அவருடைய ஓபி சீட்டுகளைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். 'தொழில்' என்ற இடத்தில் எல்லாச் சீட்டிலும் 'கூலி'. கேஸ் பாதி செத்தது அங்கேதான்.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. சிலிகோசிஸ் (கல், மணல் தூசியால் வரும் நுரையீரல் நோய்), ஆஸ்பெஸ்டோசிஸ் (ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வருவது), ஈய நஞ்சு, இரைச்சலால் வரும் காது மந்தம் எல்லாம் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உண்டு. வேலையில் நடந்த விபத்துக்கு என்ன இழப்பீடோ அதுவே இதற்கும். 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 'அந்தச் சட்டமே இப்ப இல்லைங்க' என்று கவுன்ட்டரில் சொன்னால் நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள்.

முதலில் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) உண்டா என்று பாருங்கள். உண்டு என்றால் கேட்க வேண்டிய இடம் இஎஸ்ஐ, முதலாளி இல்லை. இது தெரியாமல் லேபர் ஆபீஸில் மனுப் போட்டு, வாய்தா வாய்தாவாக அலைந்து, கடைசியில் 'இங்க இல்ல, அங்க போங்க' என்று கேட்டவர்கள் நிறைய. இஎஸ்ஐ இல்லாதவர்கள், இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையரிடம் போக வேண்டும்.

டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள்: எந்த வேலை, எத்தனை வருடம், என்ன தூசி. சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சிலிகோசிஸ் நுரையீரலில் டிபியும் சேர்ந்துகொள்வது சகஜம். சிலிகோசிஸ்தான் முக்கியக் காரணம் என்றால் அதுவும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சீட்டில் வெறும் 'டிபி' என்று மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

அடுத்தது தேதி. மனு போட 2 வருடம். நோய் என்றால், அதனால் தொடர்ந்து வேலைக்குப் போக முடியாமல் போன முதல் நாளிலிருந்து கணக்கு. 'சொந்தக் காரணத்தால் நிற்கிறேன்' என்று கடிதம் வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் நோயால் நின்றேன் என்று காட்டுவது பெரும்பாடு. தேதி தாண்டிவிட்டாலும் தகுந்த காரணம் சொன்னால் ஏற்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. அதை அலுவலகத்தில் யாரும் தானாகச் சொல்வதில்லை.

'எங்களிடம் கொஞ்ச நாள்தான் இருந்தார்' என்பது முதலாளிகளின் முதல் பதில். பல இடங்களில் வேலை பார்த்திருந்தால் அத்தனை பேர் தலையிலும் பொறுப்பு விழும். காண்டிராக்டர் மூலம் வந்தவர் என்றால் நிறுவனமும் தப்ப முடியாது.

சம்பளச் சீட்டில்தான் பெரிய மோசடி. 40 வயதுக்காரர் முழுமையாக முடங்கினால், மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, அந்த வயதுக்குச் சட்டம் குறித்திருக்கும் எண்ணான 184.17-ஆல் பெருக்க வேண்டும். 15,000 ரூபாய் சம்பளம் என்றால் 16,57,530 ரூபாய். கையில் 15,000 கொடுத்து ஏட்டில் 6,000 எழுதியிருந்தால் 6,63,012. வங்கிப் புத்தகம், கூடவே வேலை பார்த்தவர்களின் சாட்சி, எது கிடைத்தாலும் விடாதீர்கள். பகுதி ஊனம் என்றால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனதோ அந்த அளவுக்குத்தான் தொகை.

அப்புறம் முத்திரைத்தாள். 50,000 ரூபாய் கொடுத்து, 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று எழுதி வாங்குவார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இறந்தவரின் குடும்பம் என்றால் பணத்தை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். வீட்டில் வந்து கொடுத்தது இழப்பீடாகாது. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் மனு கொடுக்கலாம்.

எக்ஸ்ரே ஃபிலிமை ஆஸ்பத்திரியிலோ கம்பெனியிலோ விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டால் ஜெராக்ஸ் ரிப்போர்ட்டை மட்டும் கொடுங்கள். ஃபிலிம் சுருண்டு ஒட்டிக்கொள்ளாமல் அட்டைக்கு நடுவில் வைத்து, பின்பக்கம் தேதியை எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.