ஒரு வோல்ட், அறுபது ஆம்பியர்

அக்கா மகளின் பழைய கணினியைத் திறந்தபோது திருகுகளெல்லாம் துருவேறிக் கிடந்தன. தேவனாம்பட்டினத்தில் கடலை ஒட்டிய வீடு. உப்புக்காற்று எதையும் விடாது. புதிதாக ஒன்றை நாமே பூட்டலாம் என்றதும் அவள் கேட்டாள்: “விலை குறைந்த மதர்போர்டு தாங்குமா மாமா?”

தாங்கும். ஆனால் எல்லாப் பாகங்களையும் சுமக்கும் அந்தப் பலகையின் தலையில் எந்த பிராசசரை, அதாவது கணக்குப் போடும் முதன்மைச் சில்லை, ஏற்றுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. பிராசசர் இயங்குவதோ ஏறத்தாழ 1 வோல்ட்டில். அது 60 வாட் செலவழித்தால் மதர்போர்டின் மெல்லிய செம்புத் தகட்டில் 60 ஆம்பியர் ஓடியாக வேண்டும்!

வீட்டு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி தருவது 12 வோல்ட். அதை ஒரு மின்தடையால் 1 வோல்ட்டாகக் குறைத்தால், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெறும் சூடாகிப் போகும். அதனால் வேறு வழி. பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சாம்பல் நிறக் கட்டிகள் காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள். பக்கத்தில் உள்ள சின்னக் கறுப்புச் சதுரங்கள் மாஸ்ஃபெட்டுகள் என்ற மின்னணு சுவிட்சுகள். மாஸ்ஃபெட் நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுகிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்திருந்தால் சராசரி 1 வோல்ட். மடையை விட்டுவிட்டுத் திறந்தாலும் தொட்டியிலிருந்து தண்ணீர் சீராக இறங்குவதுபோல், காயிலும் மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் கப்பாசிட்டரும் அந்தத் துடிப்பைச் சமன் செய்துவிடுகின்றன.

இப்படி ஒரு தொகுதிக்கு ஃபேஸ் என்று பெயர். மின்னோட்டம் இரட்டித்தால் தடையில் எழும் சூடு நான்கு மடங்காகும். அதனால்தான் விலை உயர்ந்த போர்டுகள் சுமையைப் பல ஃபேஸ்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. எச்610 வகை போன்ற மலிவான போர்டுகளில் ஃபேஸ்கள் குறைவு, தற்காலிக நினைவகமான ராமுக்கும் இரண்டே இடம். 125 வாட் பிராசசரைப் பொருத்தினால் மாஸ்ஃபெட் கொதிக்கும். வேகம் தானாகக் குறைந்துவிடும். நாங்கள் எடுத்தது ஐ3-12100 என்ற 60 வாட் பிராசசர். படம் காட்டும் பகுதி அதற்குள்ளேயே இருப்பதால் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படவில்லை. ராமை மட்டும் ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்கினோம். இரண்டு தடத்தில் தரவு போகும்.

மின்செலவைப் பெரிதும் முடிவுசெய்வது மின்னழுத்தம்தான். சில்லு செலவழிக்கும் வாட் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 1.2 வோல்ட்டை 0.9 ஆக இறக்கினால், அதே வேகத்திலும் செலவு கிட்டத்தட்ட பாதிதான். வேலையில்லாத நொடிகளில் பிராசசர் தானாகவே வேகத்தையும் வோல்ட்டையும் இறக்கிக்கொள்கிறது. நாம் தட்டச்சு செய்யும்போது அதற்குப் பெரும்பாலும் ஓய்வுதான்.

பவர் சப்ளையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 750 வாட் பெட்டியில் 25 வாட் சுமை என்பது, ஒற்றை ஆளுக்குக் கல்யாண அண்டாவில் சோறு வடிப்பது. அவ்வளவு குறைந்த சுமையில் அது வீணாக்கும் மின்சாரத்தின் பங்கு கூடிவிடும்.

வாட் மீட்டரில் பார்த்தோம். பழையது 90 வாட், புதியது 24. நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 24 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் 2016-இல் வந்த 100 இலவச யூனிட் சலுகையில் கால் பங்கு.

உப்புக்கும் இதில் தொடர்புண்டு. ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீரை உறிஞ்சிக் கசியும். போர்டில் படிந்தால் மின்சாரமும் கசியும். சூடு குறைந்தால் விசிறி மெல்லச் சுழலும், உள்ளே போகும் உப்புக்காற்றும் குறையும். பெட்டியைக் கிழக்கு ஜன்னலோரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.