பழைய விபத்து நட்டஈடு: கையெழுத்து வைக்க முன்

விபத்து நடந்து நாலைந்து வருடம் கழிய, முதலாளியின் ஆள் ஒருவர் வீடு தேடி வருவார். "தம்பி, இன்சூரன்ஸ்காரர் காசு தர ஓமெண்டிட்டாங்கள். இதில ஒரு கையெழுத்து வையும், முடிச்சிடுவம்." தாள் ஆங்கிலத்தில் இருக்கும். நிலாவெளியில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர், கந்தளாய்ப் பக்கம் அரிசி ஆலையில் கை அகப்பட்டவர், லொறியில் மூட்டை இறக்கும்போது இடுப்பு முறிந்தவர் என்று என்னிடம் வருபவர்களில் பலர் கையெழுத்து வைத்த பிறகுதான் ஆலோசனை கேட்டு வருகிறார்கள்.

இலங்கையின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டஈடு தரவேண்டியவர் முதலாளி. காப்புறுதி (இன்சூரன்ஸ்) என்பது முதலாளிக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் இடையிலான ஏற்பாடு. ஆகவே "கம்பனி இன்னும் காசு விடவில்லை" என்பது உங்களுக்குச் சொல்லக்கூடிய பதிலே அல்ல. சப் கொன்ராக்ட்காரரிடம் வேலை செய்து அடிபட்டிருந்தால், வேலையைக் கொடுத்த பிரதான நிறுவனத்தையும் பொறுப்பாக்க வழி உண்டு.

தொகையும் பேரம் பேசி எடுப்பதல்ல. எந்த உறுப்பு, எத்தனை வீதம் இழப்பு, மாதச் சம்பளம் எவ்வளவு என்று பார்த்து, சட்டத்தின் அட்டவணைகளின்படி கணக்கிடுவது. உச்சத் தொகை நீண்டகாலம் 550,000 ரூபாவாக இருந்தது; 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 2,000,000 ரூபாவாக்கியது. பழைய விபத்துக்குப் பொதுவாக விபத்து நடந்த நாளின் சட்டம்தான். புதிய உச்சத்தைக் கேள்விப்பட்டு இருபது இலட்சம் வரும் என்று இருப்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் காசு குறைவது சம்பளக் கணக்கில்தான். காப்புறுதி எடுக்கும்போது முதலாளி கட்டுப்பணத்தை (பிரீமியத்தை) மிச்சம் பிடிக்கச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டியிருப்பார். கம்பனி அந்தத் தொகையை வைத்தே கணக்குப் போடும். ஊழியர் சேமலாப நிதிக் (EPF) கூற்றைக் கொண்டுவந்து காட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் குறைத்துத்தான் கட்டியிருப்பார்கள். நீங்கள் அவரிடம் வேலை செய்தீர்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி, சம்பளத்துக்கு அல்ல. வங்கிப் புத்தகம், சம்பளத் துண்டு, வரவுப் பதிவு, கூட வேலை செய்தவரின் வாக்குமூலம், எது கிடைத்தாலும் சேருங்கள். என்ன சம்பளத்தில், எத்தனை வீத இழப்பில் இந்தத் தொகை வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கே தொகை கூடியதை நான் கண்டிருக்கிறேன்.

மருத்துவ அறிக்கையும் அப்படித்தான். ஒப்பரேஷன் முடிந்த கையோடு எழுதிய அறிக்கையில் "குணமடைந்து வருகிறார்" என்று இருக்கும். பிறகு மூட்டு மடங்காமல் போனது அதில் இராது. பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் விசேட வைத்திய நிபுணரிடம் இப்போதைய நிலைக்குப் புதிய அறிக்கை எடுங்கள்.

"நீர் கவனமில்லாமல் ஏறினீர்" என்று சொல்லித் தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். வெறும் கவனக்குறைவு இந்தச் சட்டத்தில் உங்கள் உரிமையைப் பறிக்காது. குடிபோதை, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறுவது என்பவை வேறு விடயம்.

மரணம் என்றால் நட்டஈட்டைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம்தான் (இந்தச் சட்டத்தின் கீழ் கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரி) வைப்பிலிட வேண்டும்; அவரே தங்கிவாழ்ந்தோருக்குப் பகிர்வார். செத்தவீட்டில் கையில் கொடுத்த காசை "நட்டஈடு கொடுத்தாச்சு" என்று காட்ட விடாதீர்கள்.

இனிக் காலக்கெடு. ஆணையாளரிடம் கோரிக்கையை விபத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் வைக்க வேண்டும். கம்பனியோடு எத்தனை கடிதம் பரிமாறினாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. "கதைச்சுக்கொண்டிருக்கிறம்" என்று இழுப்பது பல தடவை இதற்காகத்தான் என்பது என் அபிப்பிராயம். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையாளருக்கு அதிகாரம் உண்டு. நீண்டகால சிகிச்சை, முதலாளியின் எழுத்து வாக்குறுதி போன்றவற்றை அங்கே முன்வைக்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக நட்டம் கேட்டு வழக்கிடவும் இரண்டு வருடம்தான். இரு பக்கமும் வாங்க முடியாது, ஒன்றைத் தெரிய வேண்டும்.

இணக்கத்துக்கு வருவதில் பிழையில்லை. வயிற்றுப்பாட்டுக்காகக் கொஞ்சம் குறைய வாங்குபவரை நான் தடுப்பதும் இல்லை. ஆனால் அந்த உடன்படிக்கையை ஆணையாளரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். தொகை போதாது, ஏமாற்றி எழுதியது என்று கண்டால் பதிய மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. பதிவென்றதும் முதலாளி பின்வாங்கினால் கணக்கில் ஏதோ இருக்கிறது என்று வையுங்கள்.

தாளில் "சகல கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். சேமலாப நிதியும், ஐந்து வருட சேவைக்குரிய பணிக்கொடையும் வேறு சட்டங்களில் வருபவை. விபத்துக் காசோடு அவற்றையும் அந்த வரிக்குள் அடைக்கப் பார்ப்பார்கள். "இந்தத் திகதி விபத்துக்குரிய நட்டஈடு மட்டும்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் தாளை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு, ஒரு சட்டத்தரணியிடமோ தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலோ காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.