நெகுஸ நெகஸ்த்: மன்னர்மன்னன்

எத்தியோப்பியாவை 1632 முதல் 1667 வரை ஆண்ட ஃபாசிலிதஸின் பட்டம் 'நெகுஸ நெகஸ்த்'. எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீயஸின் தொடர் இது. 'நெகுஸ்' மன்னன், 'நெகஸ்த்' அதன் பன்மை. நடுவிலுள்ள அகரத்தைத் தவறவிட்டு 'நெகுஸ் நெகஸ்த்' என்று எழுதிவிடுகிறார்கள். 'இன்னாருக்கு மன்னன்' என்ற உறவைக் காட்டுவதே அந்த அகரம்தான். கீயஸில் உடையவர் பின்னால் வருவார், தமிழில் முன்னால். அதனால் திருப்பிப் போட்டால் 'மன்னர்மன்னன்' தானாக அமைகிறது. 'அரசர்க்கரசன்' என்பதும் சரியே.

'மாமன்னன்' பொருந்தாது. அதில் கீழுள்ள மன்னர்கள் காணாமல் போகிறார்கள். அவர்கள் வெறும் பெயரளவில் இருந்தவர்கள் அல்லர். செங்கடலை ஒட்டிய வடபகுதியை ஆண்டவனுக்கு 'பஹ்ர் நெகாஷ்', அதாவது கடலரசன், என்று பட்டம். பஹ்ர் நெகாஷ் யிஸ்ஹாக் துருக்கியரோடு சேர்ந்து, அன்றைய நெகுஸ நெகஸ்தான சர்ச தெங்கெலை எதிர்த்து, 1578இல் போரில் மாண்டான்.

பட்டம் பழையது, 4ஆம் நூற்றாண்டில், எத்தியோப்பியாவின் பண்டைய அரசான அக்சுமின் மன்னன் ஏசானாவின் கல்வெட்டிலேயே இருக்கிறது.

இந்த வேர்ச்சொல் தமிழ் முஸ்லிம்களுக்குப் பழக்கமானதே. நபித்தோழர்களுக்கு அபிசீனியாவில் (எத்தியோப்பியாவின் பழைய பெயர்) அடைக்கலம் தந்த 'நஜ்ஜாஷி'யும் இதே சொல்தான். கீயஸின் 'க' ஒலி (நெகுஸ் என்பதில் வரும் மெல்லிய க) அரபியில் 'ஜ' ஆகும். நஜ்ஜாஷியை ஒருவரின் பெயராக நினைப்பது தவறு, அது பதவி. 'நஜ்ஜாஷி மன்னர்' என்னும்போது, அரைஞாண் கயிறு போல, ஒரே பொருளை இருமுறை சொல்கிறோம்.

ஃபாசிலிதஸின் தந்தை சுசென்யோஸ் 1622இல் கத்தோலிக்கத்தைத் தழுவ, நாடு கலகத்தில் மூழ்கியது. 1632இல் அவர் விலக, மகன் பழைய மரபுவழித் திருச்சபையை மீட்டு, இயேசு சபையினரை வெளியேற்றி, 1636இல் கோந்தாரைத் தலைநகராக்கினார். அங்கே அவர் எழுப்பிய கோட்டை, நான்கு மூலைகளிலும் குவிமாடம் தாங்கிய உருண்டைக் கோபுரங்களோடு இன்றும் நிற்கிறது.

அவருடைய அரியணைப் பெயர் 'ஆலம் சகத்'. அதே க–ஜ விதியை வைத்துப் பாருங்கள்: ஆலம் உலகம், சகத், அரபியின் சஜ்தாவுக்கு உறவு, பணிதல். இதை 'உலகை வணங்குவோன்' என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். வணங்குவது உலகம். 'உலகு தொழும் கோன்' என்று எழுதினால் குழப்பமில்லை.