மூக்கில் துண்டு கட்டினால் போதாது

போன வாரம் இன்னொரு நோயாளி வந்தார். வயது 48, பள்ளியை விட்டதிலிருந்து கல்தச்சு வேலை, அதுவும் பெரும்பாலும் பேராலயங்களில். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயசாகிறது என்று நினைத்தாராம். எக்ஸ்ரேயில் சிலிகோசிஸ், அதாவது கல்தூசி நுரையீரலில் தழும்பு போடும் நோய். பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, அவர்மேல் இல்லை, முப்பது வருஷமாக ஒருத்தரும் அவரிடம் உட்கார்ந்து இந்தத் தூசியைப் பற்றிச் சொல்லவில்லையே என்று.

நான் இங்கிலாந்தில் நுரையீரல் மருத்துவர். லிவர்பூல் பேராலயத்துக்குப் போனால் தலை நிமிர்த்திப் பாருங்கள். 1904இல் அடிக்கல், 1978இல்தான் வேலை முடிந்தது, கோபுரம் 101 மீட்டர், சுவரெல்லாம் செம்மணற்கல். எனக்கு அந்தக் கட்டடம் உயிர். ஆனால் இந்த நோயைத் தருவது கல்லில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமம். மணற்கல்லில் அது 70 முதல் 90 சதவீதம் வரை இருக்கும், சுண்ணாம்புக்கல்லில் 2 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். "எங்கப்பா கல்லிலேயே கிடந்தார், எண்பது வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்தக் கல் என்றுதான்.

அப்புறம் இந்தத் துண்டு. கண்ணுக்குத் தெரிகிற தூசி புருவத்தில் படியும், மூக்கில் நிற்கும், தும்மினால் வந்துவிடும். அதைத் துண்டு தடுக்கும், சரி. நுரையீரலின் அடிவரை போகிற தூசி கண்ணுக்கே தெரியாது, துணி இழைக்குள் சுலபமாகப் புகுந்துவிடும், கிரைண்டரை நிறுத்திய பிறகும் வெகுநேரம் காற்றில் மிதக்கும். இந்த நுண்ணிய சிலிக்கா தூசிக்கு இங்கே சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றுக்கு 0.1 மில்லிகிராம். "காற்று தெளிவாத்தானே இருக்கு" என்று கண்ணை நம்பாதீர்கள். உளிதானே, மெஷின் இல்லையே என்றும் சொல்லாதீர்கள். மணற்கல்லை உளியால் கொத்தினாலும் அதே தூசிதான்.

தண்ணீர் விட்டு அறுங்கள். கருவியோடு தூசி உறிஞ்சியை மாட்டுங்கள். நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 (FFP3) மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், இரண்டு நாள் தாடி இருந்தாலே இடைவெளி விழுந்துவிடும், மழியுங்கள். பட்டறையை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், சட்டைத் தூசியைக் காற்றுக்குழாயால் ஊதவே ஊதாதீர்கள். மருத்துவரிடம் போனால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், நாங்களாகக் கேட்க மறந்துவிடுகிறோம். சிலிகோசிஸ் வந்த நுரையீரலின் தழும்பை ஆற்ற என்னிடம் மருந்து இல்லை, வேலையை விட்ட பிறகும் அது வளரலாம்.

அவருடைய மகன் அதே பட்டறையில் தொழில் பழகுகிறானாம். அடுத்த தடவை தயவுசெய்து அவனையும் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.