சிவப்பு லைற்றை நம்பி டர்போ ஓட்டாதீர்கள்

"அண்ணை, ஒயில் லைற் ஒருக்காலும் எரியேல்லை. பிறகெப்பிடி ஒயில் இல்லாமல் போகும்?"

டர்போ (புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) பழுதாகிப்போன கேய் வாகனங்களை, அதாவது ஜப்பானின் குட்டி எஞ்சின் வாகனங்களை, என்னிடம் கொண்டுவருபவர்கள் எல்லோரும் பேசிவைத்தாற்போல இதையே கேட்கிறார்கள். போன கிழமை வந்தது ஒரு சுசுகி எவ்ரி டர்போ வான். கொழும்பிலிருந்து திரும்பும் வழியில் வவுனியா தாண்டியதும் பின்னால் புகை, அதற்குப் பிறகு கீச்சென்று ஒரு சத்தம், அதற்கும் பிறகு இழுவையே இல்லை. அப்படியும் நிறுத்தாமல் கிளிநொச்சி வரை உருட்டியிருக்கிறார்கள். எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியான சம்பின் நட்டைக் கழற்றினால் ஒரு கோப்பை அளவு ஒயில் வந்தது, புளிக்கரைசல் போலத் தடிப்பாக. ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் நுனி காய்ந்து கிடந்தது. வான்காரர் நல்ல மனிதர். கடன் எடுத்து வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் பிழைக்கிறவர். அவர் முகத்தைப் பார்த்துக் கோபப்பட முடியவில்லை. அந்தக் கோபம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த லைற்றைப் பற்றிப் பேசி முடித்துவிடுவோம். டாஷ்போர்டில் மூக்கு வைத்த எண்ணெய்க் குடுவை மாதிரி சிவப்பில் ஓர் அடையாளம் இருக்கிறதே, அது எஞ்சினில் எவ்வளவு ஒயில் இருக்கிறது என்று காட்டுவதில்லை. மறுபடி சொல்கிறேன், அளவைக் காட்டுவதில்லை. ஒயில் பம்ப் தள்ளிவிடும் ஒயிலின் அழுத்தத்தோடு மட்டும்தான் அதற்குச் சம்பந்தம். அந்த அழுத்தம் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை என்ற நிலைக்கு விழுந்த பிறகுதான் சுவிட்ச் லைற்றைப் போடும். சம்பில் ஒயில் பாதியாகக் குறைந்தாலும் பம்பின் வாய் மூழ்கியிருக்கும்வரை அழுத்தம் இருக்கும், லைற் அணைந்தே கிடக்கும். ஒயில் கறுத்து, சத்துக் கெட்டு, சேறாகிப் போனாலும் அழுத்தம் இருக்கும், லைற் அணைந்தே கிடக்கும். பெற்றோல் முடியப் போகிறது என்று மஞ்சள் லைற் முன்கூட்டியே சொல்கிறது அல்லவா, அதைப் பார்த்துப் பழகி இதுவும் அப்படித்தான் என்று நினைக்கிறீர்கள். இது முன்கூட்டிச் சொல்லும் லைற் அல்ல. இது எரிகிறபோது உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசத் தொடங்கியிருக்கும்.

அது ஒரே ஒரு தடவை கொஞ்சம் இரக்கம் காட்டும். ஒயில் நன்றாகக் குறைந்துவிட்டால், வளைவில் திரும்பும்போதோ சடுதியாகப் பிரேக் பிடிக்கும்போதோ ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், லைற் ஒரு கணம் மினுங்கி அணையும். இதைச் "சென்சர் பிழை" என்று சொல்லிச் சுவிட்சை மாற்றிக் காசு வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். சுவிட்சில் கை வைக்கிறவர் அதற்கு முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். இன்னொன்று: ஸ்ராட் பண்ணுவதற்கு முன் சாவியை ஓன் நிலையில் வைத்தால் அந்த லைற் எரியவேண்டும். எரியாவிட்டால் நீங்கள் நம்பியிருப்பது செத்துப்போன லைற்றை.

ஓடும்போது அது எரிந்தால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். "அடுத்த சந்தியிலை ஒரு கராஜ் இருக்கு" என்று ஓடாதீர்கள். அந்தச் சந்திக்குப் போய்ச் சேர்வதற்குள் டர்போவோடு போகவேண்டிய செலவு எஞ்சினுக்கும் ஏறிவிடும்.

இது எல்லா எஞ்சினுக்கும் பொருந்துகிற கதைதானே என்று கேட்பீர்கள். பொருந்தும். ஆனால் பழைய 1500 சிசி கார் பொறுத்துப்போகிற அலட்சியத்தை 660 சிசி டர்போ பொறுக்காது. ஜப்பானில் கேய் வகைக்கு 1990 முதல் எஞ்சின் வரம்பு 660 சிசி. குதிரைவலுவுக்குச் சட்டம் எல்லை போடவில்லை. 1987 இல் ஆல்டோ வேர்க்ஸ் வெறும் 543 சிசியில் 64 குதிரைவலு எடுத்துக் காட்டியதும், இதற்கு மேல் போவதில்லை என்று கம்பனிகள் தாங்களே கோடு கிழித்துக்கொண்டன. இன்றைக்கும் கோடு அதே 64 தான். சுசுகியின் ஆர்06ஏ, டைஹாட்சுவின் கேஎஃப், ஹொண்டாவின் எஸ்07 எஞ்சின்கள் எல்லாம் 658 சிசி, மூன்று சிலிண்டர். டர்போ பூட்டினால் 64. லீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் 97 குதிரைவலு. டர்போ இல்லாத சாதாரண 1500 சிசி எஞ்சின் லீற்றருக்கு எழுபது சொச்சத்தோடு நிற்கும்.

அவ்வளவு வேலைக்கும் உள்ளே இருக்கும் ஒயில் மூன்று லீற்றருக்கும் குறைவு. டிப்ஸ்டிக்கின் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையில் ஒரு லீற்றர் மட்டில் இருக்கும். கீழ்க் குறிக்கு வந்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். மிச்சம் இருப்பது அதே சூட்டை, அதே கரியை, அதே அழுக்கைத் தாங்கவேண்டும். டர்போவின் தண்டு முழு வேகத்தில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தாண்டும். ஒரு முனையில் எண்ணூறு, தொளாயிரம் பாகைச் சூட்டில் புகை அடிக்கிறது. அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது தலைமயிரை விட மெல்லிய ஓர் ஒயில் படலம். "டர்போவுக்கு என்று தனி ஒயில் இருக்கோ அண்ணை?" என்று கேட்கிறார்கள். இல்லை. நீங்கள் மாற்றாமல் இழுத்தடிக்கிற அதே ஒயில்தான் ஒரு மெல்லிய பைப் வழியாக அங்கேயும் போகிறது.

சரி, எப்போது மாற்றுவது? "ரின்னிலை பத்தாயிரம் எண்டு போட்டிருக்கு." ரின்னில் எழுதியவருக்கு உங்கள் வாகனத்தைத் தெரியாது. சுசுகியும் டைஹாட்சுவும் ஜப்பானியர்களுக்கே டர்போ கேய் வாகனங்களுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்றுதான் சொல்கின்றன, எது முந்துகிறதோ அது. கடுமையான ஓட்டம் என்றால் அதில் பாதி: 2,500, மூன்று மாதம். கடுமையான ஓட்டம் என்றதும் ரேஸ் என்று நினைக்காதீர்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குப் போய், எஞ்சின் ஒழுங்காகச் சூடாவதற்குள் வீட்டுக்குத் திரும்புவதும், மணிக்கணக்காக நெரிசலில் நிற்பதும், மேட்டில் பாரத்தோடு ஏறுவதும் அந்தக் கணக்கில் சேரும். எங்களில் பாதிப் பேரின் ஓட்டம் அதுதான். விலை கட்டாது என்றால் 5,000 க்காவது மாற்றுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

2022 இல் ரூபாய் விழுந்து ஒயில் விலை ஏறியபோது எல்லோரும் நாளை இழுத்தார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன், அரிசிக்கே வழியில்லாத காலம். ஆனால் நிலைமை மாறியும் பழக்கம் மாறவில்லை. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் இங்கே இருந்த கேய் வாகனங்கள்தான் கைமாறிக் கைமாறி ஓடின. உங்கள் டர்போவை முன்பு வைத்திருந்தவர் 2022 இல் எத்தனை ஆயிரம் கிலோமீற்றரை ஒரே ஒயிலில் ஓட்டினார் என்று உங்களுக்குத் தெரியுமா?

வாங்கும்போது பார்க்க ஒரு சின்னத் தந்திரம் உண்டு. ஜப்பானில் ஒயில் மாற்றினால் ஓட்டுநர் கதவைத் திறக்கும் இடத்தில், தூணில், ஒரு சிறு ஸ்ரிக்கர் ஒட்டுவார்கள். மாற்றிய திகதி, அப்போதைய கிலோமீற்றர், அடுத்தது எப்போது என்று கையால் எழுதியிருக்கும். எழுத்து புரியாவிட்டாலும் இலக்கம் புரியும். ஆண்டு 30 என்று இருந்தால் பயப்படாதீர்கள், அது ஜப்பானியர் தங்கள் பேரரசர் காலத்தை வைத்து எண்ணும் ஆண்டு, ஹெய்செய் 30, அதாவது 2018. அந்த ஸ்ரிக்கரில் 62,000 என்றும் டாஷ்போர்டில் 38,000 என்றும் இருந்தால் மேற்கொண்டு என்னிடம் கேட்கவேண்டாம், திரும்பி நடவுங்கள். ஸ்ரிக்கரை உரித்துப் பசை மட்டும் மிச்சம் இருந்தாலும் ஏன் உரித்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். அதோடு ஒயில் மூடியைக் கழற்றி அதன் உள்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்புக் கட்டியாகத் துணியில் வந்தால் சம்பிலும் அதுதான் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. டர்போ என்பதால் 95 ஒக்டேன் பெற்றோல்தான் அடிப்பேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் அதிகம். இந்த எஞ்சின்கள் ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்குச் செய்தவை, அங்கே அது 90 சொச்சம் ஒக்டேன். எங்கள் 92 தாராளம். மாதாமாதம் 95 க்குக் கொடுக்கிற வித்தியாசத்தைச் சேர்த்து வைத்தால் நேரத்துக்கு நல்ல ஒயில் போடலாம். ஒயிலைக் கைநூலில் சொன்ன தடிப்பில் போடுங்கள். சுசுகி டர்போவுக்குப் பொதுவாக 5டபிள்யூ-30. ஹைபிரிட் என்றதும் கையில் கிடைத்த மெல்லிய ஒயிலை ஊற்றுகிற சேர்விஸ் இடங்களில் நின்று பாருங்கள், ரின்னை வாங்கிப் படியுங்கள், வெட்கப்படாதீர்கள். ஒவ்வொரு முறையும் பில்ற்றரையும் மாற்றுங்கள். காசு மிச்சம் பிடிக்கிற இடம் அது அல்ல.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு டர்போ ஆறவென்று ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தவேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். வீட்டுக்குக் கிட்ட வரும்போது மெதுவாக ஓடி வந்தால் போதும். கடுகண்ணாவை மேட்டை மிதித்து ஏறிய கையோடு தேத்தண்ணிக் கடையில் நிறுத்துவதென்றால் ஒரு நிமிடம் விடுங்கள்.

எவ்ரி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே. பொனற் இல்லாததால் திறந்து பார்க்கிற பழக்கமே உங்களுக்கு வருவதில்லை. சீற்றைத் தூக்குவதென்றால் அதில் கிடக்கும் குடை, தண்ணிப் போத்தல், பிள்ளையின் பை எல்லாவற்றையும் இறக்கவேண்டும், அதனால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடுகிறீர்கள். என்னிடம் டர்போ போய் வருவதில் எவ்ரி அதிகமாக இருப்பதற்கு எஞ்சின் காரணம் இல்லை, அந்தச் சீற்தான் காரணம் என்பது என் எண்ணம். இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு, எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமதரையில் விட்டு, சீற்றைத் தூக்குங்கள். டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு, மறுபடி இழுத்துப் பாருங்கள். முதல் தடவை இழுத்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஏற்கெனவே டர்போ போய்விட்டதா? புதிதோ பழையதோ, வாங்கிப் பூட்டுமுன் கராஜ்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: டர்போவுக்கு ஒயில் போகும் பைப்பை மாற்றவேண்டும், சம்பைக் கழற்றி உள்ளே இருக்கும் வலையைக் கழுவவேண்டும். கரி அடைத்த பழைய பைப்போடு நல்ல டர்போவைப் பூட்டினால் அதுவும் சில மாதத்தில் போகும், பிறகு "பழைய டர்போ சரியில்லை" என்று விற்ற கடைக்காரனோடு சண்டை. பழைய டர்போ வாங்கும்போது தண்டை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்ல அசைந்தால் பரவாயில்லை, ஒயில் நிறைந்ததும் அந்த இடைவெளி நிரம்பிவிடும். முன்னும் பின்னும் அசைந்தால் எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பைப்பை உங்கள் கையில் தரச் சொல்லிக் கேளுங்கள். தரத் தயங்கினால் மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு, காசைக் கொடுக்குமுன் வாகனத்தைத் திரும்பத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.