சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் காரணத்தைக் கேளுங்கள்

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணின் பையில் புடவையும் வளையலும் தவறாமல் ஏறிவிடும். கர்ப்பகாலப் பரிசோதனைகளைக் குறித்துவைக்கும் தாய் சேய் நல அட்டைதான் பல வீடுகளில் மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடுகிறது. ரத்த அழுத்தம் பெரும்பாலும் எகிறுவது ஏழாம் மாதத்துக்குப் பிறகுதான். அந்த நேரத்தில் அவளைப் பார்க்கப்போகும் புது ஊர் நர்ஸுக்கு அவளது பழைய கணக்கு எதுவும் தெரியாது.

அந்த அட்டையை ஒட்டியே நடக்கிறது, 2016இல் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம். மாதந்தோறும் 9ஆம் தேதி, நான்காம் மாதம் தொடங்கிய கர்ப்பிணிகளை அரசு மருத்துவமனைகளில் மருத்துவரே இலவசமாகப் பரிசோதிக்க வேண்டும். அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் முகாம் நடக்கும். ரத்தம், சிறுநீர், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, சிக்கல் இல்லை என்றால் அட்டையில் பச்சை ஸ்டிக்கர், ஆபத்து இருந்தால் சிவப்பு.

சிவப்பு ஒட்டியதும் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள், அல்லது "எல்லாருக்கும்தான் ஒட்டுறாங்க" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே உதவாது. "எதுக்கும்மா எனக்குச் சிவப்பு?" என்று கேட்டு, பதிலை அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். ரத்தசோகையா, ரத்த அழுத்தமா, முந்தைய பிரசவம் சிசேரியனா, இரட்டைக் குழந்தையா, சர்க்கரையா, இதயக் கோளாறா என்பதைப் பொறுத்துப் பிரசவம் எந்த மருத்துவமனையில் என்பதே மாறும். ரத்தம் ஏற்ற வசதியில்லாத இடத்துக்கு வலியோடு போய், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் வழியில் போகும் நேரம்தான் உயிரைக் குடிக்கிறது.

ரத்தசோகையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் கடுமையானது. பிரசவத்தில் மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அளவு ரத்தம் போனாலே இவர்களுக்கு ஆபத்து. தினம் ஒன்றாக 180 நாளைக்கு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்புதான். டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து மட்டும் போடக் கூடாது. சத்து உடம்பில் சேராது.

அடுத்தது வீக்கம். "கால் வீங்கினா சுகப்பிரசவம்" என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மாலையில் பாதம் லேசாக வீங்குவது சாதாரணம். காலையில் எழும்போதே முகமும் கையும் உப்பியிருத்தல், விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 9ஆம் தேதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றே போக வேண்டும். ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். விட்டால் வலிப்பில் கொண்டுபோய் நிறுத்தும். உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் எதுவானாலும் உடனே 108.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை. 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் சாப்பாடும் உண்டு. மருத்துவமனைக்கு வரவும், பெரிய மருத்துவமனைக்கு மாற்றவும், வீடு திரும்பவும் வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. "வெளியில வாங்கிட்டு வாங்க" என்று யாராவது சீட்டு நீட்டினால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 104க்குப் பேசியும் முறையிடலாம்.

பிள்ளை பிறந்ததும் எல்லோர் கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடும். பிரசவத்துக்குப் பின் 42 நாள்வரை நேரும் இறப்பையும் தாய் இறப்புக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். முதல் 24 மணி நேரம்தான் மிகவும் ஆபத்தானது. வீடு திரும்பிய பின்னும், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால் "தீட்டு அப்படித்தான் போகும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள்.