தண்ணித் தேனும் தவறி வரும் மழையும்

போன வைகாசியில் கோத்தகிரிப் பக்கத்துக் குறும்பர் பழங்குடி ஊரிலிருந்து ஓர் அண்ணன் மலைத்தேன் கொண்டுவந்தார். தூக்கைத் திறந்ததும் மேலே நுரை, லேசான புளிப்பு வாசம். ஒரு சொட்டை ஈரம் அளக்கும் கருவியின் கண்ணாடியில் தடவி வெளிச்சத்தில் பார்த்தேன். ஈரப்பதம் 24 சதவீதம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி 20-ஐத் தாண்டக் கூடாது.

"தண்ணி கலந்தியான்னு கேட்டு வியாபாரி பாதி விலைதான் சொல்றாரு சார்" என்றார்.

காட்டுத் தேனைச் சோதிப்பதுதான் என் வேலை. ஈரம் கூடியிருப்பதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. பூவிலிருந்து தேனீ கொண்டுவருவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். இறக்கையால் விசிறி விசிறி அதை வற்றவைத்து, பதம் வந்த பிறகே தேனடையின் அறையை மெழுகால் மூடும். நாவலும் கடுக்காயும் பூக்கிற நேரத்தில் மழை விடாமல் பிடித்தால் பூ உதிர்கிறது, காற்றில் ஈரம் ஏறுகிறது, தேன் வற்றுவதில்லை. மழை எப்போது வரும் என்று தாங்கள் வைத்திருந்த கணக்கு இப்போது தவறுகிறது என்று ஊர்ப் பெரியவர்களே சொல்கிறார்கள்.

அடுத்த மழைக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் மெழுகு மூடாத அடையை அறுக்கிறார்கள். மலைத்தேனீயின் அடை பாறையில் ஒற்றைப் பலகையாகத் தொங்கும். மேல்பக்கம் தடித்திருப்பது தேன், கீழே புழு. மூடிய தேன் பகுதியை மட்டும் அறுத்துப் புழு அடையை விட்டுவிடுங்கள். மொத்தமாகப் பிழிந்தால் புழுச்சாறும் சேர்ந்து சீக்கிரம் புளித்துவிடும், கூட்டமும் அழியும். அப்புறம், கழுவிய கேனை நன்றாகக் காயவைத்த பிறகே ஊற்றுங்கள். மூடியைத் திறந்து போடாதீர்கள், தேன் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

முந்திக்கொள்ளும் அவசரத்தை ஒருவர் தனியாக நிறுத்த முடியாது. 2006 வன உரிமைச் சட்டம் தேன், மெழுகு போன்ற சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழும் மக்களுக்கு உரிமை தருகிறது. காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் தந்திருக்கிறது. எந்தப் பாறையில் எப்போது எடுப்பது என்று சபையில் உட்கார்ந்து பேசலாம். பேசிய ஊர்களில் அவசரம் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தூக்குத் தேனை எங்களாலும் வாங்க முடியவில்லை. மச்சான் மேலே கயிறு பிடிக்க, பாறையில் தொங்கி எடுத்த தேன். பிள்ளைகளுக்காவது ஆகட்டும் என்று மூடிக்கொண்டு போனார்.